இரண்டாவது பட்டம் யாருக்குத் தேவை?

(திருவண்ணாமலையில், கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைக்கப்படுபவர் தம் ஆய்விலிருந்து ஒரு தலைப்பை எடுத்துவந்து பேசுவதுதான் வழக்கம். என் துறை பொருளாதார வரலாறு. இந்தப் பகுதியின் ஏரிப் பாசனத்தைப் பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் இசைந்தேன். ஆனால் அண்மை ஆண்டுகளில் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் கூட்டம் முடிந்ததும் நாலைந்து பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "சார், ரெண்டு டிகிரி ஒண்ணாப் படிக்கலாமா?" அதற்கு நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு வண்டியேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் இன்றைய ஒரு மணி நேரத்தையும் அந்தக் கேள்விக்கே கொடுக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் படிப்புக்குள் ஒரு கேள்வி எழுந்து, அதற்கு அந்தப் படிப்புக்குள்ளேயே விடை கிடைக்காதபோது இரண்டாவது படிப்பு தேவைப்படுகிறது. அப்படித் தேவைப்படும் மாணவர் துணிந்து படிக்கட்டும். கல்லூரி அவருக்குத் துணை நிற்கட்டும். வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் சேர்த்துக்கொள்ளும் இரண்டாவது பட்டம் பெரும்பாலும் முதல் பட்டத்தையும் பலவீனப்படுத்திவிடும்.

1. விதி எதற்கு இடம் தருகிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு மாணவர் ஒரே காலத்தில் இரண்டு படிப்புகளைப் படிக்கலாம். அதற்கு மூன்று வழிகள் உண்டு. வகுப்பு நேரம் ஒன்றோடொன்று மோதாவிட்டால் இரண்டையும் நேரடி வகுப்பிலேயே படிக்கலாம். ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ படிக்கலாம். இரண்டையுமே தொலைநிலையில், இணையவழியில் படிக்கலாம். முனைவர் பட்டத்துக்கு இந்தச் சலுகை இல்லை. 2022-க்கு முன்பே ஒரே காலத்தில் இரண்டு பட்டம் முடித்துவிட்டுச் செல்லுமா செல்லாதா என்று தவித்தவர்களுக்கும் 2025 ஜூனில் வந்த திருத்தம் வழிவிட்டது.

செய்தித்தாளில் தலைப்பாக வந்தது இவ்வளவுதான். விதிக்குள் இருக்கும் நிபந்தனைகள் பலர் கண்ணில் படுவதில்லை. இந்த ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தும் முறையை அந்தந்தப் பல்கலைக்கழகம்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் பல்கலைக்கழகம் என்ன முடிவு செய்திருக்கிறது என்பதை எழுத்தில் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. தொழிற்படிப்புகளுக்கு அவற்றின் மன்றங்கள் தனி விதி வைத்திருக்கின்றன. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008 ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகளில் 6 ஆம் விதியைப் பாருங்கள்: சட்டம் படிப்பவர் அதே காலத்தில் இன்னொரு பட்டப்படிப்பை நேரடி வகுப்பில் படிக்க அது தடை போடுகிறது. தொலைநிலைப் படிப்பு என்றால், அந்த நிறுவனத்துக்கும் அந்தப் படிப்புக்கும் மானியக் குழுவின் ஏற்பு இருக்கிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பட்டம் வேறு, ஒரே பட்டத்துக்குள் இரண்டு மேஜர் வேறு. மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் இரட்டை மேஜருக்கு இடம் இருக்கிறது. மொத்த கிரெடிட்டில் குறைந்தது 40 விழுக்காட்டை இரண்டாவது மேஜரில் எடுக்க வேண்டும். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் நடப்பது வேறு ஏற்பாடு. பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் மேஜரும் அல்லைடும், பிறகு திறன் பாடங்கள், அதன் பிறகு என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி. இப்போது 'நான் முதல்வன்' பாடங்களும் சேர்ந்திருக்கின்றன.

இந்த வரிசையில் அல்லைடு என்று ஒன்று இருக்கிறதே, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். இயற்பியல் மாணவருக்குக் கணிதமும் வேதியியலும், வணிகவியல் மாணவருக்குப் பொருளியல் என்று இரண்டாவது துறை நம் பட்டத்துக்குள்ளேயே பல தலைமுறைகளாக உட்கார்ந்திருக்கிறது. நாம் அதை நடத்தும் விதம்தான் வேதனை. அல்லைடு வகுப்புக்கு வேறு துறையிலிருந்து ஓர் ஆசிரியர் வருவார். மேஜரில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மேஜர் ஆசிரியருக்கு அல்லைடில் எந்த அலகு ஓடுகிறது என்று தெரியாது. மாணவர் "பாஸ் ஆனால் போதும்" என்று எழுதி முடிப்பார். கையில் இருக்கும் இரண்டாவது பாடத்தை இப்படித் தள்ளிவிட்டு வெளியே பணம் கட்டி இன்னொன்றைத் தேடுகிறோம். இரண்டாவது பட்டம் வேண்டும் என்று வரும் மாணவரிடம், "உன் அல்லைடு மார்க் என்ன?" என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

2. அம்பேத்கர், தெ.பொ.மீ., மு.வ.

ஒரே காலத்தில் இரண்டு படிப்பு முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டில் அண்ணல் அம்பேத்கரைவிடப் பெரிய சான்று இல்லை. 1916-இல் லண்டன் போனவர் பொருளாதாரத்துக்கு லண்டன் பொருளியல் பள்ளியிலும், சட்டத்துக்குக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. பணம் சேர்த்துக்கொண்டு 1920-இல் மறுபடியும் போனார். 1921-இல் எம்.எஸ்சி., 1922-இல் வழக்கறிஞர் தகுதி, 1923-இல் டி.எஸ்சி. என்று எல்லாவற்றையும் முடித்தார்.

எல்லாரும் இந்தப் பட்டங்களை அடுக்கிச் சொல்கிறோம். அவை எதற்காக என்று கேட்பது குறைவு. பொருளாதாரத்தில் அவர் கையில் ஒரு கேள்வி இருந்தது. ரூபாயின் மதிப்பு எப்படி நிலைப்படும், அந்த நிலையின்மையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பது அந்தக் கேள்வி. 1923-இல் வந்த அவருடைய ரூபாய்ப் பிரச்சினை பற்றிய நூல் அதற்கான விடை. சட்டப் படிப்பை விடாமல் முடித்ததற்குக் காரணம் வேறு. பரோடாவில் உயர் பதவியில் சேர்ந்தும் சாதியின் பெயரால் தங்க ஓர் அறைகூடக் கிடைக்காமல் அந்த ஊரை விட்டு வெளியேற நேர்ந்தவர் அவர். யாருடைய தயவிலும் இல்லாத ஒரு தொழில் அவருக்கு வேண்டியிருந்தது. பம்பாயில் வழக்கறிஞராக இருந்தபடிதான் பொதுவாழ்வை நடத்தினார். ஆக, ஒரு படிப்பு அறிவுத் தேடலுக்கு, மற்றொன்று சுதந்திரமான பிழைப்புக்கு. இரண்டும் எதற்கு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. மாகாண நிதி பற்றி 1925-இல் நூல் எழுதியவர், பின்னாளில் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். மத்திய அரசும் மாநிலங்களும் வரி வருவாயைப் பங்கிடுவது பற்றிய 280 ஆம் பிரிவைப் படிக்கும்போதெல்லாம், சட்டமும் பொருளாதாரமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தது இந்த நாட்டுக்கு எவ்வளவு பெரிய பேறு என்று நினைத்துக்கொள்வேன்.

பிழைப்புக்காக இரண்டாவது படிப்பை எடுப்பது தாழ்ந்தது என்று நான் சொல்லவரவில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். "இந்தத் தொழிலுக்கு இந்தத் தகுதி வேண்டும், அதற்காகப் படிக்கிறேன்" என்பது தெளிவான காரணம். "எதற்காவது உதவும்" என்பதை அதோடு சேர்க்க முடியாது.

தமிழறிஞர்களுக்கு வருவோம். தெ.பொ.மீனாட்சிசுந்தரனார் சட்டம் படித்து வழக்கறிஞரானவர். வரலாற்றில் முதுகலை பெற்றவர். அதன் பிறகு தமிழில் வித்துவான். பின்பு மொழியியலில் இறங்கி, 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அவருக்குப் பின் அதே நாற்காலியில் அமர்ந்தவர் நம் வடாற்காட்டு மண்ணின் மு.வரதராசனார். திருப்பத்தூரில் தாலுகா அலுவலக எழுத்தராக வேலை பார்த்தவர். தனியாகப் படித்து 1935-இல் வித்துவான் தேர்வு எழுதினார். ஆசிரியப் பணியோடு பி.ஓ.எல்., எம்.ஓ.எல். முடித்து 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இருவரும் ஒன்றை முடித்து, அது காட்டிய வழியில் அடுத்ததற்குப் போனவர்கள். ஒரே காலத்தில் இரண்டையும் படித்தாக வேண்டும் என்ற அவசரம் அவர்களிடம் இல்லை. இன்றைய இருபது வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் நாற்பது ஆண்டு உழைப்புக் காலம் இருக்கிறது. மூன்றாண்டுக்குள் எல்லாவற்றையும் திணித்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

3. பயம் வாங்கும் பட்டங்கள்

தமிழ்நாட்டில் கூடுதல் தகுதி தேடுவது புதிதல்ல. காலையில் கல்லூரி, மாலையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் என்று ஒரு தலைமுறையே வளர்ந்தது. இங்கிலீஷ் லோயர், ஹையர், தமிழ் லோயர், ஹையர், முடிந்தால் ஷார்ட்ஹேண்ட். இந்திப் பிரச்சார சபையின் தேர்வுகளைப் படிப்படியாக எழுதி வந்தவர்களும் உண்டு. அந்தப் படிப்புகளில் ஒரு நேர்மை இருந்தது. விரல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது அந்தச் சான்றிதழின் பொருள். யாரும் அதை இன்னொரு பட்டம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அரசு அலுவலகத்தில் அதற்கு உரிய இடமும் இருந்தது.

பட்டங்களைப் பெருக்கிக்கொள்ளத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர் ஓராண்டு படித்தால் இன்னொரு பாடத்தில் பட்டம் பெறலாம் என்று சில பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் நடத்தின. ஆசிரியர்கள் இதை 'இரட்டைப் பட்டம்' என்பார்கள். பதவி உயர்வுக்கு உதவும் என்று நம்பிப் பணியிலிருந்த ஆசிரியர்கள் பலர் சேர்ந்தார்கள். மூன்றாண்டு படித்தவரும் ஓராண்டு படித்தவரும் ஒரே தகுதியா என்று வழக்கு எழுந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் தீர்ப்புத் தேதியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களை இங்குள்ள மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

'கிராஸ் மேஜர்' என்ற சொல்லும் உங்களுக்குப் பழக்கமானதே. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டும் என்றால் இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடத்தையோ, அரசு இணையென ஏற்ற பாடத்தையோ படித்திருக்க வேண்டும். இளங்கலையில் வேதியியலும் முதுகலையில் தமிழும் படித்தவர் அந்தத் தேர்வுக்கு வெளியே நிற்கிறார். இந்த விதி நல்லதா என்று கேட்டால், இல்லை என்பதே என் கருத்து. வேதியியல் தெரிந்த தமிழாசிரியர் ஒரு பள்ளிக்குக் கிடைத்தால் அது பள்ளியின் கொடுப்பினை. ஆனாலும் விதி இன்று அப்படி இருக்கிறது. இதை அறியாமல் இரண்டு பாடங்களில் இரண்டு பட்டம் வாங்கிவிட்டு, அறிவிக்கை வந்த நாளில் இரண்டுமே உதவவில்லை என்று கண்கலங்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே குறிப்பிட்ட ஒரு வேலைக்காக இரண்டாவது பட்டம் எடுப்பவர் ஆசிரியர் தேர்வு வாரியமோ டி.என்.பி.எஸ்.சி.யோ கடைசியாக வெளியிட்ட அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பகுதியை வரிவரியாகப் படிக்க வேண்டும். சேர்க்கை மையத்தில் இருப்பவர் வாயால் சொல்லும் உறுதி நாளைக்குச் சான்றாகாது.

4. நேரம்

இந்த மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் கலசபாக்கத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறீர்கள். முதல் பஸ்ஸை விட்டால் முதல் பிரியட் போய்விடும். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்காகப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். மாலையில் ஜவுளிக்கடையிலும் மருந்துக்கடையிலும் நிற்பவர்கள் உங்களில் எத்தனையோ பேர். ஆரணியில் தறி இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் வந்தவாசியில் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரி விட்ட பிறகும் வேலை காத்திருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு அதோடு சமையலறையும் சேர்ந்துகொள்கிறது.

மூன்றாண்டுப் பட்டத்துக்கு 140 கிரெடிட் என்பது நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் பரவலாக உள்ள கணக்கு. வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் தேர்வு. இதன்மேல் இன்னொரு முழுப் பட்டத்தை வைத்தால் முதலில் அடிபடுவது நூலகத்தில் உட்காரும் நேரம், அடுத்தது தூக்கம், மூன்றாவதாக அரியர் வருகிறது. பணமும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவியருக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்' திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பல வீடுகளில் பஸ் செலவும் புத்தகமும் அந்த ஆயிரத்தில்தான் ஓடுகின்றன. அதை எடுத்து இரண்டாவது பட்டத்தின் கட்டணத்தில் போடுவதற்கு முன் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பேச வேண்டும்.

அதே நேரம், செய்ய முடியாது என்றும் நான் சொல்லமாட்டேன். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பை வேறொரு கல்லூரியில் படித்துக்கொண்டே முடிக்கும் மாணவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அந்தப் படிப்பின் அமைப்பில் ஒரு பொறுப்பைப் பார்க்கிறேன். பெரும்பாலோரை நேராகச் சேர்த்துக்கொள்வதில்லை. நான்கு வாரப் பாடம் நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். நமக்கு இது ஒத்துவருமா என்று அந்த நான்கு வாரத்திலேயே மாணவருக்குத் தெரிந்துவிடும். ஒரு பருவத்தில் எத்தனை பாடம் எடுப்பது என்பது மாணவர் கையில் இருக்கிறது. அடிப்படை நிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிகள் உண்டு; எந்தப் படியில் நின்றாலும் படித்ததற்குச் சான்று கிடைக்கும். வீடியோ வீட்டில், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் நேரில் எழுத வேண்டும். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரமாவது ஒதுக்க வேண்டியிருக்கும். அந்தப் பத்து மணி நேரம் உங்கள் வாரத்தில் எந்தெந்தக் கிழமையில் இருக்கிறது என்று தாளில் எழுதிப் பாருங்கள். கிழமையும் மணியும் எழுத முடியாவிட்டால் இந்த ஆண்டு சேர வேண்டாம்.

5. விருப்பத்துக்கு விட்டால் போதுமா?

எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1869-இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட் நாற்பது ஆண்டுகளில் கட்டாயப் பாடங்களை ஏறக்குறைய எல்லாம் நீக்கி, மாணவர் விருப்பத்துக்கே விட்டார். ஆர்வம் உள்ளவர்கள் அதில் உயரப் பறந்தார்கள். மற்றவர்களில் பலர் பல துறைகளின் தொடக்கநிலைப் பாடங்களாகவே பொறுக்கி எடுத்துப் பட்டம் வாங்கிப் போனார்கள். 1909-இல் வந்த லாரன்ஸ் லோவல், ஒரு துறையில் ஆழமும் மற்ற துறைகளில் அறிமுகமும் வேண்டும் என்று வரம்பு வகுத்தார். இன்று உலகெங்கும் 'மேஜர்' என்று நாம் சொல்லும் ஏற்பாடு வலுப்பெற்றதில் அந்தத் திருத்தத்துக்குப் பெரும் பங்குண்டு. வழிகாட்ட ஆள் வைக்காமல் தெரிவை மட்டும் கொடுத்தால் வசதியான வீட்டுப் பிள்ளை விசாரித்துப் பிழைத்துக்கொள்ளும். முதல் பட்டதாரிப் பிள்ளைதான் தடுமாறும்.

6. எடுத்தனூர்க் கல்லும் செங்கத்துப் பாட்டும்

கேள்வி முதல் படிப்புக்குள்ளிருந்து எழ வேண்டும் என்றேன். அது எப்படி எழும் என்பதை உங்கள் மாவட்டத்திலிருந்தே காட்டுகிறேன்.

தண்டராம்பட்டுப் பக்கத்தில் எடுத்தனூர் இருக்கிறது. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. தொறு, அதாவது ஆநிரை, மீட்கும் சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்துபட்டான். அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனுக்கு எடுத்த கல்லில் நாயின் உருவமும் இருக்கிறது, நாயின் பெயரும் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் அது.

ஒரு வரலாற்று மாணவி இந்தக் கல்லின் முன்னால் நின்றால் முதலில் எழுத்துப் புரியாது, அது வட்டெழுத்து. அப்போது அவளுக்குக் கல்வெட்டெழுத்துப் பயிற்சி தேவைப்படுகிறது. படித்துவிட்டால் அடுத்த கேள்வி வரும். இந்தச் செங்கம் வட்டாரத்தில் ஏன் இத்தனை ஆநிரைச் சண்டைகள்? மழை எவ்வளவு, மேய்ச்சல் நிலம் எங்கே, நெல் எப்போது வந்தது, மாடு அன்றைக்கு எவ்வளவு பெரிய செல்வம்? இவை பொருளாதாரத்தையும் புவியியலையும் கேட்கின்றன. இப்படி வந்த கேள்வியோடு அவள் பொருளியல் படிக்கப் போனால் இரண்டாவது படிப்பு முதல் படிப்பை வளர்க்கும்.

இந்தக் கற்களைத் திரட்டி 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலை மாநிலத் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்டது. பதிப்பித்தவர் இரா.நாகசாமி. அவர் முதுகலை படித்தது வடமொழியில். தொல்லியலும் கல்வெட்டும் கலை வரலாறும் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தவை. தேவை வந்தபோது ஒவ்வொன்றாகக் கற்றார். இங்கே ஒரு செய்தி: கல்வெட்டுப் படிக்க விரும்பும் மாணவி இன்னொரு மூன்றாண்டுப் பட்டத்தைத் தேட வேண்டியதில்லை. தொல்லியல் துறையே முதுநிலைப் பட்டயப்படிப்பு நடத்துகிறது. சில தேவைகளுக்குப் பட்டயம் போதும். சிலவற்றுக்கு ஒரு கோடை விடுமுறையும் ஒரு நல்ல ஆசிரியரும் போதும்.

தமிழ் மேஜர் மாணவருக்கு மலைபடுகடாம் இருக்கிறது. செங்கண்மாவை, அதாவது செங்கத்தை, ஆண்ட நன்னனைப் பற்றிய பாட்டு, 583 அடி. அதில் வரும் நவிரமலை இன்றைய பர்வதமலை என்று கருதுகிறார்கள். சேயாறு வருகிறது. கூத்தர் தோளில் சுமந்து போகும் இசைக்கருவிகளின் பட்டியல் வருகிறது. தினை, அவரை, வாழை என்று வழிநெடுகப் பயிர்கள் வருகின்றன. உரை படித்துத் தேர்வெழுதிவிட்டுப் போகலாம். செங்கத்துப் பையன் ஒருவன் அந்தப் பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மலைச்சரிவில் நடந்தால், எந்தச் செடி இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது என்று கேட்பான். அந்தக் கேள்விக்குத் தாவரவியல் துறையில்தான் விடை இருக்கிறது. அந்தத் துறை அதே கல்லூரியில், அடுத்த கட்டடத்தில் இருக்கிறது.

உங்கள் கோயிலுக்கே வாருங்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் திருவண்ணாமலையைப் பற்றி 1990-ஐ ஒட்டி ஐந்து தொகுதிகளாக ஆய்வை வெளியிட்டன. கல்வெட்டுகளைப் பதிப்பித்தவர் பி.ஆர்.சீனிவாசன். கட்டடக் கலையையும் தலத்தின் தொல்லியலையும் பிரான்சுவாஸ் லெர்னோ எழுதினார். கோயிலைச் சுற்றிய சமூக அமைப்பை மரி-லூயிஸ் ரெனிஷ் ஆராய்ந்தார். நகரத்தைப் பற்றிய தொகுதியில் மக்கள்தொகையியல் அறிஞர் கில்மோட்டோவும் கட்டடக் கலைஞர் பிச்சார்டும் சேர்ந்துகொண்டார்கள். ஒருவரே எல்லாவற்றையும் படித்து எழுதிய நூல் அன்று அது. தத்தம் துறையில் ஆழ்ந்தவர்கள் ஓர் ஊரின் முன்னால் கூடி உட்கார்ந்ததால் வந்த நூல். உங்கள் கேள்விக்கு வேறு துறை தேவைப்படும்போது, அந்தத் துறையை நீங்களே படிப்பது ஒரு வழி. அந்தத் துறை நண்பரோடு சேர்ந்து வேலை செய்வது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்குக் கட்டணம் கிடையாது. நம் கல்லூரிகளில் அது நடப்பதில்லை என்பதுதான் என் பெரிய குறை. மூன்றாண்டு ஒரே கேன்டீனில் டீ குடித்த வரலாற்று மாணவருக்கும் தாவரவியல் மாணவருக்கும் ஒருவர் பாடம் மற்றவருக்குத் தெரியாது.

7. யார் என்ன செய்ய வேண்டும்?

கல்லூரி நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் நான்கு. இரண்டு படிப்பு குறித்துப் பல்கலைக்கழகம் எடுத்துள்ள முடிவைத் தமிழில் அச்சிட்டுச் சேர்க்கை நாளிலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒவ்வொரு துறையிலும் ஓர் ஆசிரியரை இதற்கென்றே குறிப்பிட்டு, வாரத்தில் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்குங்கள்; ஏற்கெனவே இருக்கும் வேலைப்பளுவின் மேல் இதை ஏற்றாதீர்கள். மேஜர் ஆசிரியரும் அல்லைடு ஆசிரியரும் பருவத் தொடக்கத்தில் ஒருமுறையாவது சேர்ந்து உட்கார்ந்து பாடத்திட்டத்தைப் பார்க்கட்டும். இரண்டு துறை மாணவர்கள் சேர்ந்து செய்யும் புராஜெக்டுக்கு இடம் கொடுங்கள். முதல் புராஜெக்ட் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரில் இருக்கும் குளங்களைப் பற்றியே இருக்கலாம்.

பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளை இரண்டு பட்டம் படிக்கிறது என்பதை உங்கள் பிள்ளைக்குக் காரணமாக்காதீர்கள். பிள்ளை முதல் பட்டத்தில் என்ன படிக்கிறது என்று சாப்பிடும்போது கேளுங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள். சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பிள்ளைக்கே தன் பாடம் தெளியும்.

மாணவச் செல்வங்களே, முதலாண்டில் இரண்டாவது பட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள். இரண்டு செமஸ்டர் முடியட்டும். அரியர் இல்லாமல் அல்லைடிலும் நல்ல மதிப்பெண் வரட்டும். அதன் பிறகும் இன்னொரு படிப்பு வேண்டும் என்று தோன்றினால் ஒரு தாளை எடுத்து, எந்தக் கேள்விக்காக, அல்லது எந்த வேலைக்காக அதைப் படிக்கப் போகிறீர்கள் என்று அரைப்பக்கம் எழுதி உங்கள் துறை ஆசிரியரிடம் கொடுங்கள். அந்த அரைப்பக்கம் தெளிவாக எழுத வந்தால் தயங்காமல் சேருங்கள். கோவிவனின் பெயரைப் படிக்க வட்டெழுத்துக் கற்க வேண்டும் என்று உங்களில் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவருக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியரைத் தேடித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். என் முகவரி துறைத்தலைவரிடம் இருக்கிறது.